ஒற்றைக் குண்டுத் துவக்கு

மாணாக்கர் தம் கட்டுரைகளில் 'துவக்கு' என்று எழுதினால், அதனைச் சிவப்பு மையினால் வெட்டித் 'துப்பாக்கி' என்று திருத்தும் ஆசிரியர் எங்களுள் உளர். இளமையில் நானும் அவ்வாறு செய்தவனே. இரண்டு சொற்களும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்று அறிஞர் கூறுவர். அங்ஙனமாயின் ஒன்றனை உயர்ந்தோர் வழக்கென்றும் மற்றொன்றனை இழிந்தோர் வழக்கென்றும் பிரித்தற்கு நியாயம் இல்லை. வன்னியிலே பன்றிக்காவல் இருந்தவர்கள் துவக்கு என்றே வழங்கினர். இக்கட்டுரையில் நானும் அவ்வாறே வழங்குவேன். பண்டிதர் ஒருவருக்குத் துவக்கோடு யாது தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். தொடர்பு எனதன்று, என் தமக்கையாரின் கணவருடையது.

அத்தான் முல்லைத்தீவுப் பக்கத்தவர். அவருடைய தந்தையாரிடம் கச்சேரியிற் பதிவு செய்த ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. நெற்கதிர் முற்றுங் காலத்தில் வயலோரப் பரணில் அத்துவக்கோடு இராக்காவல் இருந்தே அத்தான் வளர்ந்தார். போர்க்காலத்தில் அத்துவக்கும் போயிற்று, பரணும் போயிற்று, அத்தானும் நாட்டை விட்டுப் போனார். இப்பொழுது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் வாழ்கின்றார். இரும்பு கடையும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்து இளைப்பாறியவர். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் நான் அங்குச் சென்றிருந்தபொழுது, அவருடைய வீட்டின் நிலவறையில் இரும்புப் பெட்டியொன்றைத் திறந்து ஒரு துவக்கைக் காட்டினார். நான் கை நீட்டினேன்.

"தம்பி, நீர் தொடக்கூடாது" என்றார்.

விளையாட்டாகச் சொல்லுகின்றார் என்று எண்ணினேன். அன்று. விருந்தினர் விசாவில் வந்த பிற நாட்டவர் துவக்கைக் கையாளுதலை அந்நாட்டுச் சட்டம் விலக்குகின்றது. வேட்டை உரிமப் பத்திரம் பெற்றவர் முதலிய சிலருக்கே விலக்களிக்கின்றது. ஆகவே இக்கட்டுரையிற் கூறப்படுவன யாவும் தொடாதவன் கண்டவையும், தொட்டவர் சொல்லக் கேட்டவையுமே.

அத்துவக்கு நம்மூர்த் துவக்கைப் போன்றதன்று. நம்மூரது நடுவில் மடியும். தோட்டாவை இட்டு நிமிர்த்தினால் ஆயத்தம். இதுவோ போர்வீரர் கைத் துவக்கைப் போன்றது. குழலின் பின்புறத்தே கதவுத் தாழ் போன்றதோர் இரும்பு உருளை உண்டு. அதன் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே துள்ளும். முன்னே தள்ளிக் கீழே மடித்தால் புதிய தோட்டா உட்சென்று பூட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திற் போல்ற் என்பர். தாழ் என்பதே அதற்கு நேரான சொல்லாதலின் இதனைத் தாழ்த் துவக்கு என்று நான் அழைத்தேன். அத்தான் சிரித்தார், ஆயினும் அன்று மாலைக்குள் அவரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

குழலின் உள்ளே திருகுசுரையைப் போல வளைந்தோடும் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. சிறு குண்டுகள் பலவற்றைச் சிதறுவதற்கென்று பிறந்த துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பாகவே இருத்தல் மரபு. வரி வெட்டிய குழல் ரைபிளுக்கு உரியது. அங்ஙனமாயின் இஃது ரைபிளா, சிதறு துவக்கா? இரண்டுமன்று, இரண்டும் ஆம். இந்த இரண்டுங்கெட்டான் பிறந்த கதை சுவையுடையது.

ஒகாயோவில் வாழ்வது வெள்ளைவால் மான். அஞ்சி ஓடும்போது வாலை உயர்த்தும். அதன் அடிப்பக்கம் வெண்கொடி போல் தோன்றும். குடியேறியோர் காட்டை வெட்டியும் வரம்பின்றி வேட்டையாடியும் வந்தமையால், 1904 அளவில் அம்மாநிலத்தில் மான் இல்லாமலே போயிற்று. பின்பு வெளியிலிருந்து கொணர்ந்து விட்டும் காவல் செய்தும் பெருக்கினர். 1943இலே சில பகுதிகளில் மட்டும் மீண்டும் வேட்டைக்கு இசைவளித்தனர். துவக்கு, தோட்டா ஆகியவற்றின்மீது வரி விதித்து அப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிடும் சட்டத்தை அமெரிக்க நாடு 1937இல் இயற்றியது. நீண்ட துவக்குகளுக்கும் தோட்டாக்களுக்கும் வரி நூற்றுக்குப் பதினொன்று. நம் இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937ஆம் ஆண்டினதே. ஒரே ஆண்டிற் பிறந்த இரு சட்டங்களுள் ஒன்று வேட்டைக்காரனையே காவலுக்குக் கூலி கொடுப்பவனாக ஆக்கிற்று. மற்றையது என்ன செய்தது என்பதை, வன்னிக்காட்டில் இன்று புள்ளிமான் எவ்வளவு உண்டு என்று அவ்வூரவரைக் கேட்டு அறிந்துகொள்க.

மான் பெருகிய இடமோ சமவெளி. சோள வயல்கள், இடையிடையே சிறு தோப்புகள், தோப்புக்கு அப்பால் வீடுகள். ரைபிள் குண்டு நெடுந்தூரம் செல்லவல்லது. குறி தப்பின் எங்கே போய் வீழும் என்று கூறவியலாது. ஆதலின் ஒகாயோ, இந்தியானா, இல்லினோய் முதலிய மாநிலங்கள் மான் வேட்டைக்கு ரைபிளை நெடுங்காலம் விலக்கிச் சிதறு துவக்கில் ஒற்றைக் குண்டு இட்டுச் சுடுவதையே அனுமதித்தன. அவ்வகைக் குண்டுகளுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று ஜேர்மனியில் வில்ஹெல்ம் பிரெனெக்கே 1898இல் ஆக்கியது. மற்றொன்று அமெரிக்கர் கார்ல் ஃபொஸ்டர் 1931இல் ஆக்கியது; அதன் பின்புறம் குடையப்பட்டு முன்புறம் கனத்திருக்கும். வழுவழுத்த குழலிலிருந்து புறப்படும் இவை எழுபது எண்பது யார் தூரம் வரை நம்பத்தக்கவை. அதற்கு அப்பால், அத்தானின் சொல்லிற் கூறுவதாயின், "குண்டும் கடவுளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்."

சட்டம் ரைபிளை விலக்கியது. மனிதனோ ரைபிளின் குறியை விரும்பினான். ஆகவே சட்டத்தின் எழுத்தைக் காத்துக்கொண்டே அதன் கருத்தைச் சற்றே வளைத்தான். உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இக்கலை புதிதன்று. சிதறு துவக்கின் குழலிலே வரி வெட்டினான். குழலினும் சிறிய குண்டைச் செய்து பிளாஸ்ரிக் உறையொன்றினுள் பொதிந்தான். உறை வரிகளைப் பற்றிச் சுழலும். குழலை விட்டு நீங்கியதும் உறை கழன்று வீழ்ந்துவிடக் குண்டு மட்டும் சுழன்றுகொண்டு நேரே செல்லும். அவ்வுறைக்குச் சபோ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அது மரச்செருப்பைக் குறிக்குஞ் சொல். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடும் குண்டு என்க.

எஞ்சியது துவக்கின் உடல். தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரணத் துவக்கில் குழலைக் கழற்றி மாட்டலாம். ஆதலின் அங்குச் சிறிது ஆட்டம் உண்டு. தாழ்த் துவக்கிலோ குழல் உடலோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். தூரக் கண்ணாடியும் அவ்வுடலின்மீதே அமரும். தாழ்முறைச் சிதறு துவக்கு முன்னரும் இருந்ததுண்டு. அது பண்ணைச் சிறுவர்களின் மலிவுத் துவக்கு, ஒருவரும் மதியார். 1990களின் நடுப்பகுதியில் மார்லின், மொஸ்பேர்க், சவேஜ், பிரௌனிங் ஆகிய கம்பனிகள் வரி வெட்டிய குழலோடு அதனை ஆக்கியதும் அது மான் வேட்டையரின் துவக்காயிற்று. அத்தானிடம் இருப்பது எக்கம்பனியின் துவக்கு என்பது இங்கு வேண்டாத செய்தி.

துவக்கின் வாய் அகலத்தைக் கூறும் கணக்கும் அறியத்தக்கதே. ஓர் இறாத்தல் ஈயத்தில் அக்குழலுக்குப் பொருந்தும் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அத்தொகையே அதன் பெயர். பன்னிரண்டு எனில் வாய் 18.5 மில்லிமீற்றர், இருபது எனில் 15.6. எண் பெருகப் பெருக வாய் சிறுக்கும். இதனை வகுப்பிற் கூறினால் கணித ஆசிரியர் என்னை நன்றியோடு நினைப்பார். அத்தானுடையது இருபது. பன்னிரண்டின் உதைப்பை அவருடைய தோள் தாங்காது. அத்தோளிற் பழைய காயமொன்று உண்டு. அதன் வரலாற்றை அவர் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை.

இருபதின் உதைப்பும் இலேசானதன்று. துவக்கு வாங்கிய முதல் வாரத்தில் தூரக் கண்ணாடிக்கு மிக அருகே கண்ணை வைத்துச் சுட்டாராம். துவக்கு பின்னே பாய்ந்து, கண்ணாடியின் விளிம்பு புருவத்தின்மேல் வெட்டிற்று. அத்தழும்பு இன்றும் இளம்பிறை போல இருக்கின்றது. "உங்கட கொத்தானுக்கு நெற்றிக்கண் ஒண்டுதான் குறை" என்பது அக்காவின் தீர்ப்பு.

தாழ்த் துவக்கு உடையவன் கற்றுக்கொள்ள வேண்டியவை பல என்று அத்தான் சொன்னார். அவற்றுள் முதலாவது, அது தான் விரும்பும் தோட்டாவையே உண்ணும் என்பது. ஒரு கம்பனியின் தோட்டா நூறு யாரில் மூன்று குண்டுகளையும் ஓர் உள்ளங்கைக்குள் இறக்க, மற்றொரு கம்பனியின் தோட்டா அதே துவக்கில் தென்னோலைப் பெட்டியின் வாயளவுக்குச் சிதறும். எதனை விரும்பும் என்று சுட்டுத்தான் அறியவேண்டும். ஐந்து தோட்டா கொண்ட பெட்டியொன்று அப்பொழுது பதினைந்து இருபது டொலர் விலை பெற்றதாதலின் இவ்வாராய்ச்சி செல்வர்க்கே உரியது. மூன்று முறை சுட்டதும் குழல் சூடேறிக் குறி நகரத் தொடங்கும், ஆறவிட வேண்டும். குளிர்காலத்தில் தாழிலுள்ள எண்ணெய்ப் பசை இறுகிவிடும். வேட்டைக்கு முன் துடைத்து ஏறக்குறைய உலர்ந்ததாக வைத்தல் வேண்டும். விரைந்து மறுமுறை சுட இத்துவக்கு உதவாது. ஒகாயோச் சட்டம் மூன்று தோட்டாவுக்கு மேல் இடவொட்டாது. அத்தான் இரண்டே இடுவார்.

இவ்வளவு பாடுபட்டு இதனை வாங்கியதேன் என்று கேட்டேன். சிறிது நேரம் விடை வரவில்லை. பின்பு சொன்னார். 2008இல் அவரிடம் இருந்தது பழைய தள்ளுத் துவக்கு. அறுபது யாரில் ஒரு பிணையைச் சுட்டார். அது விழவில்லை, ஓடிற்று. இரவு வரையும் மறுநாளும் தேடினார், கிடைக்கவில்லை. பனி உருகியபின் பங்குனியிலே வாய்க்காலோரத்தில் எலும்பாகக் கண்டார். தாடை குண்டினால் உடைந்திருந்தது. உண்ண முடியாமல் எத்தனை நாள் கிடந்ததோ! "அண்டைக்குப் பிறகு அந்தத் துவக்கைத் தோளில வைக்கேல்லைத் தம்பி." 2013இல் பணம் சேர்த்துத் தாழ்த் துவக்கை வாங்கினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே, 2014இல், நேர்ச்சுவர்த் தோட்டா எனப்படும் ஒருவகைத் தோட்டாவை உடைய ரைபிள்களை ஒகாயோ அரசு மான் வேட்டைக்கு அனுமதித்தது. இந்தியானா 2007இலேயே இதுபோன்ற வழியைத் திறந்துவிட்டது. இல்லினோய் 2023இல் ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு இசைந்தது. எந்தச் சட்டம் இத்துவக்கைப் பிறப்பித்ததோ அச்சட்டம் தளர்ந்தது. நண்பர்கள் புதிய ரைபிள்களுக்கு மாறினர். அத்தான் மாறவில்லை. "கல்யாணம் முடிச்ச பிறகு வேறை சம்பந்தம் வந்தால் மாறலாமோ?" என்றார்.

நன்றி நவிலல் நாளை அடுத்த திங்கட்கிழமை அவ்வேட்டை வாரம் தொடங்குகின்றது. விடியுமுன் நானும் உடன் சென்றேன். இருவரும் கண் கூசும் செம்மஞ்சள் மேலாடை அணிந்திருந்தோம், அது சட்டம். மானின் கண்ணுக்குச் செம்மஞ்சள் பளிச்சென்று தோன்றாது. மற்றொரு வேட்டைக்காரனுக்குத் தோன்றும். நிலத்துக்குரியவரின் எழுத்து மூல அனுமதி அத்தானின் சட்டைப் பையில் இருந்தது. பரணில் ஏறி அமர்ந்தோம். முன்னே அறுவடை முடிந்த சோள வயல்; அதன் எல்லையில் ஓக் மரத் தோப்பு. குளிரிலே என் பற்கள் தாளம் போட்டன. நான் ஊனுண்ணாதவன், கொலைக்களத்திற்கு ஏன் வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆயினும் விடியல் ஒளியில் ஒரு பிணையும் அதன் மறியும் வயலில் இறங்கியபொழுது, தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறும் பெயர்களை இருபத்தைந்து ஆண்டுகளாக மனப்பாடமாகக் கற்பித்த நான், அப்பெயர்களுக்குரிய மெய்யான உடல்களை முதன்முதலாகப் பார்த்தவன் போலானேன். அத்தான் துவக்கை எடுக்கவில்லை. அவை மேய்ந்து சென்றன.

ஒன்பது மணியளவில் தோப்பின் எல்லையில் ஒரு கலை வெளிப்பட்டது. எட்டுக் கவருடைய கொம்பு. 140 யார் தூரம் என்று அத்தானின் அளவுகருவி காட்டிற்று. பழைய துவக்காயின் அவர் அசைந்திருக்கவும் மாட்டார். தாழை மெல்ல மடித்தார். மான் நின்றது. அவர் மூச்சை அடக்கினார். வெடி என் நெஞ்சில் மோதிற்று.

அத்தூரத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறையக் கால் விநாடி வேண்டும். அந்தக் கால் விநாடியில் மான் ஓரடி முன்னே வைத்தது. நெஞ்சுக்கென்று புறப்பட்ட குண்டு வயிற்றிற் பட்டது. முதுகை வளைத்துக்கொண்டு தோப்பினுள் மறைந்தது.

நாங்கள் இறங்கிச் சென்று பார்த்தபொழுது சருகிலே சிறிது குருதியும் அதனோடு பச்சை நிறமான பொருளும் கிடந்தன. அத்தான் அதனை விரலால் தொட்டு முகர்ந்தார், முகம் கறுத்தது. வயிற்றில் அடிபட்ட மானை உடனே பின்தொடர்ந்தால் அது அஞ்சி மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் அருகே எங்கேனும் படுக்கும். ஆகவே மணிக்கணக்கிற் காத்திருத்தலே முறையாம். நோவில் இருப்பது அது, காத்திருப்பவர் நாம். நாலு மணிநேரம் வண்டியினுள் இருந்தோம். அக்கா கட்டித்தந்த புளிச்சாதம் அவிழ்க்கப்படாமலே இருந்தது.

அந்நேரத்தில் அவர் பேசியது ஒன்றே: "துவக்கு சொன்ன இடத்துக்குத்தான் அடிச்சது." உண்மை. பிழை துவக்கினதன்று. அறுபது யாருக்கு மேற் சுடாதிருந்த மனிதரை அத்துவக்கு 140 யாருக்கு அழைத்துச் சென்றது என்பதை நான் எண்ணினேன், சொல்லவில்லை. காயப்படுத்தக்கூடாது என்றே வாங்கிய கருவி. அது குறியைச் செம்மையாக்கியது போலவே ஆசையின் எல்லையையும் நீட்டிவிட்டது. அந்த மிகுதித் தூரத்தில் மான் அசையாமல் நிற்கவேண்டும் என்று எந்தக் கம்பனியும் அதற்குக் கட்டளை இடவில்லை.

ஒரு மணிக்குமேல் தேடத் தொடங்கினோம். ஒரு துளி, பத்தடிக்கு அப்பால் மற்றொரு துளி. சில இடங்களில் அத்தான் முழந்தாளிட்டுச் சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அறுபத்தைந்து வயதுக்காரர் வன்னிச் சிறுவன் போலத் தடம் பார்த்ததைக் கண்டேன். மூன்றரை மணிக்குத் தடம் ஒரு முள்வேலியை அடைந்தது. வேலிக்கம்பியில் மயிர் ஒட்டியிருந்தது. அப்பால் வேறொருவர் நிலம். அனுமதியின்றிக் கால் வைத்தல் குற்றம். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறையும் காலம் அது. அத்தான் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, வேலியோரமாக நெடுந்தூரம் நடந்து சென்று அவ்வீட்டுக் கதவைத் தட்டினார். முதியவள் ஒருத்தி திறந்தாள். வேட்டையை விரும்பாதவள் என்று அயலில் பெயரெடுத்தவளாம். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். அத்தான் நடந்ததை மறைக்காமல் சொன்னார்: தூரத்தில் சுட்டேன், பிழையான இடத்திற் பட்டது, உங்கள் நிலத்தில் கிடந்து வருந்துகின்றது. அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு உள்ளே சென்று கைவிளக்கொன்றை எடுத்து வந்து, தானே சப்பாத்தை மாட்டிக்கொண்டு எங்களோடு புறப்பட்டாள்.

கோரை அடர்ந்த பள்ளமொன்றில் அது படுத்திருந்தது. தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. எழ முயன்றது, எழவில்லை. இருபது யாருக்குள். அத்தான் துவக்கைத் தோளில் வைத்துவிட்டுத் திகைத்து நின்றார். காலையில் ஒன்பது மடங்கு பெருக்கிய கண்ணாடியைக் குறைக்க மறந்துவிட்டார். அதனூடு பார்த்தால் எங்கும் மயிரே நிறைந்து தெரிந்தது. எவ்வுறுப்பு என்று அறியமுடியவில்லை. விறைத்த விரல்களால் வளையத்தைத் திருக முயன்றார். "கெதியா, அத்தான்" என்று நான் கத்தினேன் போலும், எனக்கு நினைவில்லை. அக்கிழவி சொல்லித்தான் அறிந்தேன், நான் புரியாத மொழியில் இருமுறை கத்தினேன் என்று. வளையம் திரும்பிற்று. ஒரே வெடி.

கைத்தொலைபேசி வழியே அறிவித்துப் பதிவிலக்கம் பெற்று அதனைச் சீட்டில் எழுதிக் கட்டினார். இருட்டிலே மூவருமாக இழுத்துச் சென்றோம். அக்கிழவி இறைச்சி வேண்டாள் என்றே நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்துத் தன் பங்கு எங்கே என்று கேட்டாளாம். அக்கா ஊர்த்தூள் போட்டுச் சமைத்த கறியோடு பச்சை இறைச்சியும் கொடுத்தனுப்பினாள். உறைப்பு மிகுதி என்று குறைகூறிக்கொண்டே பாத்திரத்தைக் கழுவித் திருப்பினாள் என்று கேள்வி.

வேட்டை வாரத்தில் இன்னும் நாட்கள் இருந்தன. அத்தான் துவக்கைப் பிரித்துத் துடைத்து, தாழை வேறாகவும் குழலை வேறாகவும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எஞ்சிய தோட்டா மூன்று. மறுபடி போவீர்களா என்று கேட்டேன். மாசி அளவில் கலைமான்கள் கொம்பை உதிர்த்துவிடும். தோப்பில் பொறுக்கலாம், அதற்கு நீரும் வரலாம், தொடலாம் என்றார். நான் தை பிறந்ததும் ஊர் திரும்பிவிட்டேன்.